நடுங்கினால் பேசக் கூடாது

என் கணவருக்கு இரண்டு வீடு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆசிரியர் அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். பழையவர்கள் சிரிப்பார்கள். அந்த இரண்டாவது வீட்டுக்காரி என்பது ஒரு செயற்கைக்கோள் என்று அவர்களுக்குத் தெரியும். பொம்மிடி ரயில் நிலையத்தில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்த மனுஷனுக்கு வானத்தில் ஒரு தொடுப்பு இருந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்.

'மேல இருக்கறவ' என்பதுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். ஒருநாள் கோபத்தில் நான் வைத்தது. அவருக்கு அது பிடித்துப்போய், கொஞ்ச நாளில் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் நான், அவர், மொட்டைமாடியில் இரண்டு ஏரியல்கள், அவ்வளவுதான் குடும்பம்.

அவர் ஹாம் ரேடியோக்காரர். அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. சம்பளம் கிடையாது, லாபம் கிடையாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கூட்டத்தார் பல நாடுகளில் சேர்ந்து, தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்றே ஒரு செயற்கைக்கோளைச் செய்து மேலே அனுப்பினார்கள். அதைத்தான் இவர் பிடித்துக்கொண்டார்.

அது பூமியை வட்டமாகச் சுற்றுவதில்லை. பாதை முட்டைபோல நீண்டது. பூமி அதன் ஒரு நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டே வரும்போது பறக்கும், தூரம் போனால் மெத்தனமாகிவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு இதை விளக்கினார். "ஊஞ்சல் பாத்திருக்கறயில்ல? கீழ வரும்போது வேகமா வரும். ஒசரத்துல போயி ஒரு நொடி நின்னுட்டுத்தான திரும்பும்? இவளுக்கு அந்த ஒரு நொடி மணிக்கணக்கா நீளும். அப்பத்தான் நாங்க பேசறது." அன்றைக்கு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். சாதாரணமாக வீட்டில் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பார்.

நாம் ஓர் அலைவரிசையில் பேசினால் அது வாங்கி இன்னோர் அலைவரிசையில் திருப்பிப் போடும். அவ்வளவுதான் அதன் வேலை. எங்கள் மாடியிலிருந்து இவர் பேசினால் கோலாரில் கேட்கும், கொழும்பில் கேட்கும், இன்னும் எங்கெங்கோ கேட்கும். பேசுகிறவருக்கும் கேட்கும். கண் இமைக்கிற நேரம் கழித்து, அத்தனை தூரம் போய் வந்த தன் குரலையே ஹெட்போனில் கேட்பார். அப்போது அவர் முகம் ஒரு மாதிரி இளகும். இவருக்குப் பேச்சில் ஆசை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தன் பேச்சு எங்கோ போய்ச் சேர்கிறது என்பதில் ஆசை இருந்திருக்கிறது.

அந்தச் செயற்கைக்கோளின் கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. தரையிலிருந்து யாரும் அதற்குக் கட்டளை கொடுக்க முடியாது. பேட்டரியும் ஏறக்குறையப் போய்விட்டது. அதன் சோலார் பலகைகள் மேல் வெயில் நேராக விழுகிற மாதங்களில் விழித்திருக்கும். வெயில் சாய்ந்தால் தூங்கிவிடும். விழித்திருக்கும்போது ஒரே சுருதியில் ஒரு மெல்லிய விசிலை விட்டுக்கொண்டே இருக்கும். பீக்கன் என்பார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைத் தவிர அந்த விசிலுக்கு வேறு அர்த்தம் இல்லை.

அதைப் பயன்படுத்துகிறவர்களிடையே ஒரு கட்டுப்பாடு இருந்தது. பேசுவதற்கு முன்னால் பீக்கனைக் கேட்க வேண்டும். விசில் ஆடாமல் நின்றால் பேசலாம். நடுங்கினால், மின்சாரம் பற்றவில்லை என்று அர்த்தம். அப்போது யாரும் பேசக் கூடாது. நாம் பேசப் பேச அது இருக்கிற கொஞ்ச மின்சாரத்தையும் செலவழிக்கும், ஒருவேளை ஒரேயடியாக அணைந்துவிடும். இதை மீறினால் கேட்க ஆளில்லை, அபராதமும் இல்லை. ஆனாலும் யாரும் மீறமாட்டார்கள். சாவு வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்காமல் இருப்பதுபோல அது ஒரு மரியாதை.

ஒரு தடவை என்னையும் சித்தேரிக்கு அழைத்துப்போனார். மலையில் கரண்டு இரைச்சல் குறைவு, அங்கே அவள் தெளிவாகக் கேட்பாள் என்றார். பஸ்ஸில் ஏரியலை மடியில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு நான் வாந்தியை அடக்கியது எனக்குத்தான் தெரியும். சாமை அறுத்த வயல் ஓரத்தில் குழாயை நட்டுக் கம்பிகளை மாட்டியதும் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். "டவரு போடறீங்களா சார்? இங்க சிக்னலே வர்றதில்லீங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை என்று சொல்லவும் இவருக்கு மனசு வரவில்லை. கோலார் நண்பரோடு பேசியதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். கோலாரிலிருந்து வருகிற குரல் வானத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று கேட்டதும் அந்தப் பெரியவர், "அதுக்கு கிருஸ்ணகிரி வழியா பஸ்ஸு இருக்குதுங்களே" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கோலார் நண்பர் என்று இங்கே ஒருவரைச் சொன்னேன். கன்னடக்காரர், பாங்கி வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதாகவும் தெரியவில்லை. குரல் போதும் அவர்களுக்கு.

இவர் ஓய்வு பெற்ற பிறகு எதிர்ச்சாரியில் இருந்த ஓட்டல்காரர் தன் மாடி முழுக்கச் சோலார் பலகை போட்டார். அதன் இன்வெர்ட்டர் ஓடுகிற நேரமெல்லாம் எங்கள் ரேடியோவில் வண்டு புகுந்ததுபோல ஒரே இரைச்சல். பேச்சுக்குரலை எப்படியோ பிடித்துவிடலாம். அந்த மெல்லிய பீக்கன் மட்டும் இரைச்சலில் முழுகிப்போனது. இவருக்கு ஓட்டல்காரரிடம் போய்ச் சொல்லக் கூச்சம். அவர் சொந்தக் காசில் போட்டிருக்கிறார், நாம் என்ன சொல்வது என்றார். பீக்கன் கேட்காவிட்டால் என்ன, திரும்பி வருகிற தன் குரலை வைத்தே அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கணித்துவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். குரல் சுத்தமாக வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள். குரல் கரகரத்தால் அவளுக்கு முடியவில்லை.

அந்த வருஷம் மாங்காய் இறங்குகிற காலத்தில் அவர் குரல் கரகரக்க ஆரம்பித்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கீழே வந்து, "அவளுக்கு முடியல" என்றார். கோலார் நண்பரும் ரேடியோவில் அதையே சொன்னாராம். "அண்ணா, உங்க குரல் நடுங்குது. பாவம், பேட்டரி போச்சு போல. நாம நிறுத்திக்கலாம்" என்று. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். சில வாரம் கழித்து ஒருதரம் பேசிப் பார்ப்பார். அதே கரகரப்பு. இன்னும் ஓய்வு வேண்டும்போல என்று மறுபடி நிறுத்திவிடுவார். இப்படியே மாதங்கள் போயின.

வீட்டில் எனக்கும் கேட்டது, கேட்காமல் இல்லை. ஆனால் நான் வாத்தியாரம்மா. வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டுவது எங்களுக்கெல்லாம் சளி பிடிப்பதுபோல. ரோடு போடுகிற தூசி வேறு. மிளகு போட்டுப் பால் கொடுத்தேன், உப்புத்தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன். அவர் கொப்பளித்துவிட்டு மாடிக்குப் போய் வானத்தில் இருப்பவளின் வியாதியைப் பற்றிக் கவலைப்பட்டார். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் நடக்காத கூத்து இது. தொண்டையில் இருந்த நோயை வானத்தில் தேடினோம்.

மாதாந்திர மின்தடை என்றால் ஊரே முணுமுணுக்கும், இவருக்கு மட்டும் தீபாவளி. எல்லா இரைச்சலும் நின்றுவிடும். பேட்டரியில் ரேடியோவை ஓட்டுவார். அப்படி ஒரு மின்தடை நாளில், ஓட்டல்காரரும் மராமத்துக்காகத் தன் இன்வெர்ட்டரை நிறுத்தியிருந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் டயலைத் திருகினார். பல மாதங்களுக்குப் பிறகு பீக்கன் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டார். ஒரு நூல் அளவும் ஆடாமல், சுத்தமான விசில்.

"நல்லாத்தான இருக்கறா" என்று மைக்கை எடுத்துப் பேசினார். அந்தச் சுத்தமான விசிலுக்குப் பக்கத்திலேயே அவர் குரல் திரும்பி வந்தது. கரகரவென்று, உடைந்து, நடுங்கிக்கொண்டு.

இன்னொரு தரம் பேசினார். இன்னொரு தரம். பிறகு மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கொற அவகிட்ட இல்ல" என்றார்.

என் கையில் வடக மாவு. அதைக்கூடக் கழுவாமல் அவரை எழுப்பிக் கீழே கூட்டி வந்தேன்.

தருமபுரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார். சேலத்தில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று. சிகரெட் தொட்டதில்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. "சில பேருக்கு வருதும்மா" என்றார் சேலத்து டாக்டர். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு, உயிர் தப்ப அதுதான் வழி, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வேறு யோசிக்கலாம் என்றார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேச்சு?" இனி இல்லை என்று டாக்டர் தலையை ஆட்டினார். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை குறித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் போனை எடுத்து நீட்டினேன். எதையாவது பேசுங்கள், பதிவு பண்ணி வைத்துக்கொள்கிறேன் என்றேன். எங்களிடம் அவர் குரல் என்று எதுவும் இல்லை. போனில் பேசுவதே அவருக்கு ஆகாது. 'சரி' என்று எழுதி அனுப்புகிற ஆள். கல்யாண வீட்டு வீடியோக்களில் எல்லாம் மேளச் சத்தத்துக்கு நடுவில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் போனைத் தள்ளிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அவ ஒசரத்துல வர்றா. ஒரே ஒருதரம் அவ வழியா பேசிடறன். அப்பறம் சாயங்காலம் ஒக்காந்து ஒனக்கு எவ்வளவு வேணுமோ பேசறன்" என்றார்.

அதுவரை குரலைச் சேமிக்கப்போவதாகச் சொல்லி வாயை மூடிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கூடவே குடித்தனம் பண்ணினவளுக்குச் சாயங்காலம், தகரப்பெட்டிக்கு மத்தியானமா? ஆனால் சண்டை போட்டால் பதில் சொல்ல அவர் குரல் செலவாகும். அதற்காகவே நானும் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நாள்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அவர் மாடிக்குப் போனார். நான் நேராக ஓட்டலுக்குப் போனேன். கல்லாவில் இருந்த ஓட்டல்காரரிடம், "அவருக்குச் செவ்வாக்கெழம தொண்டையில ஆப்பரேசனுங்க. அப்பறம் பேச்சு வராது. இன்னிக்கி ஒருதரம் ரேடியோவுல பேசணும்ங்கறாரு. உங்க இன்வெர்ட்டர கொஞ்ச நேரம் நிறுத்த முடியுங்களா?" என்று கேட்டேன். நன்றாகக் கேட்க வேண்டும், அவர் குரல் சுத்தமாகப் போய்ச் சுத்தமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஓட்டல்காரருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் எழுந்து வந்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று தானே சுவிட்சை அணைத்தார். நல்ல மனுஷன்.

மாடி ஏறினேன். இரைச்சல் சுத்தமாக நின்றிருந்தது. இவர் ஹெட்போனோடு டயலைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். பீக்கன் வந்தது.

நடுங்கியது. அன்றைக்கு நிஜமாகவே நடுங்கியது. காற்றில் விளக்குச் சுடர் ஆடுவதுபோல மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது அந்த விசில்.

இவர் மைக்கைக் கையில் எடுத்தபடி காத்திருந்தார். வெயில் நகர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். குழாயைப் பிடித்து ஏரியலைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி உட்கார்ந்தார். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"பேசுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"நடுங்கினா நடுங்கட்டும். ஒரே வார்த்த. உங்க பேர மட்டும் சொல்லுங்க, திரும்பி வரட்டும். யாரு உங்களக் கேக்கப்போறாங்க? அவளுக்கு அப்பறமும் வெயில் வரும். உங்களுக்கு அப்பறம் கொரலு வருமா?"

நான் கத்திவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமல், ஒரு கையை மட்டும் தூக்கி, "பேசாத" என்றார். விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அது தேய்ந்து நின்றது. இவர் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசிவரை பேசவில்லை. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்குப் பீக்கன் கேட்டிருக்காது. கேட்காமல் இருந்திருந்தால் பேசியிருப்பார். அவர் நன்றாகக் கேட்க வேண்டும் என்று நான் போய்க் கெஞ்சி வாங்கி வந்த நிசப்தம், அவர் வாயை அடைத்துவிட்டது. இதை நினைக்காத நாள் இல்லை.

கோபத்தில் கீழே இறங்கி வந்துவிட்டேன். சாயங்காலம் என்று சொன்னாரே, வரட்டும் என்று போனைச் சார்ஜில் போட்டேன். வெயில் தாழ அவர் படியில் இறங்கி வரும்போதே மூச்சில் ஒரு சத்தம். விசில்போல. உள்ளே இழுக்கும்போதெல்லாம் வந்தது. இப்படி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டல்காரர்தான் தன் காரை எடுத்தார்.

தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடந்தது. முன்னால் பின்னால் நகர முடியாத வண்டிகளுக்கு நடுவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "வேண்டாங்க, மூச்சு விடுங்க, அப்பறம் சொல்லலாம்" என்று நான்தான் தடுத்தேன். ஒருவழியாகச் சேலம் போய்ச் சேர்ந்ததும் நேராக உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கழுத்தில் துளை போட்டார்கள். செவ்வாய்க்கிழமை குரல்வளையை எடுத்தார்கள்.

ஆக, அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்ட சொல், பேசாத.

நினைவு தெளிந்ததும் போனை வாங்கி முதலில் எழுதினார்: 'பேசியிருந்தா அணைஞ்சிருக்கும்.' அணைந்தால் அணையட்டும் என்றேன். 'அது எல்லாருக்கும் பொது' என்று எழுதினார். அந்தப் போனைப் பிடுங்கி விசிறி அடிக்கலாம்போல இருந்தது. கழுத்தில் கட்டோடு கிடக்கிற மனுஷனை என்ன செய்ய முடியும். தலையணையைச் சரிசெய்தேன்.

அடுத்த மாதம் வெயில் திரும்பியதும் அவள் பிழைத்துக்கொண்டாள். கோலார் நண்பர் செய்தி அனுப்பியிருந்தார். பீக்கன் ஆடாமல் நிற்கிறதாம். இவருக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. பேசாமல் விட்டதால்தான் அவள் பிழைத்தாள் என்றுகூட இருக்கலாம். எனக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது.

தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வாங்கினோம். ஒரே ஒருதரம் வைத்துப் பார்த்தார். அரவை மிஷின் பேசுவதுபோல இருந்தது. பீரோவில் வைத்துவிட்டார். அதன் பிறகு டம்ளரைத் தட்டிக் கூப்பிடுவார், மற்றதைப் போனில் எழுதுவார். வீட்டில் பேசுவது நான் ஒருத்திதான். கேள்வியும் நானே, பதிலும் நானே. முன்பும் அவர் அதிகம் பேசியவர் இல்லை. ஆனால் பேசாதவருக்கும் பேச முடியாதவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் கூட இருந்தார். பிறகு நோய் நுரையீரலில் இறங்கிவிட்டது. கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு ஒருநாள் முற்பகலில், தோளில் பையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். "அக்கா" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக ஸ்பீக்கரில் கேட்ட குரல். முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன்.

தண்ணீர் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் கோலாரில் ஏரியலைத் திருப்பி வைத்துக் காத்திருந்தாராம். பதிவு செய்யும் பொத்தானையும் அழுத்தி வைத்திருந்தாராம். "அண்ணா ரூல மீறிப் பேசுவார்னு சாமிகிட்ட வேண்டிட்டு உக்காந்திருந்தேன் அக்கா. பேசல. என்கிட்ட இருக்கிறது வெறும் பீக்கன்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வீட்டில் பழைய கம்ப்யூட்டரைக் குடைந்ததில் வேறொன்று கிடைத்தது என்று பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். குரல் கெடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், இவர் மாடியிலிருந்து பேசியது.

பக்கத்தில் போய் நின்றேன்.

போட்டார். யாரோ ஒரு சின்னப் பையன் மூக்கால் பேசுவதுபோல வந்தது. "இது அவரில்லீங்க" என்றேன். அவர்தான் என்றார். அவர்கள் பேசுகிற முறையில் ரேடியோவைச் சரியான இடத்தில் திருகி வைத்தால்தான் குரல் அதன் சுருதியில் கேட்குமாம். ஒரு துளி தள்ளிப்போனால் மெலிந்துவிடும், இல்லாவிட்டால் தடித்துவிடும். அன்றைக்கு இந்த நண்பர் சரியாகத் திருகாமலே பதிவு செய்திருக்கிறார். இப்போது லேப்டாப்பில் அதை நகர்த்திச் சரிசெய்யலாம். "ஆனா எது சரின்னு எனக்குத் தெரியாது அக்கா. நான் அண்ணா குரல எப்பவும் ரேடியோலதான் கேட்டேன். கூட இருந்தவங்க நீங்க. நான் ஸ்வல்ப ஸ்வல்பமா நகர்த்தறேன், சரியா வந்ததும் சொல்லுங்க."

நகர்த்தினார். கொஞ்சம் தடித்தது. இன்னும் கொஞ்சம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு இடத்தில் இதுதான் என்று தோன்றும். அடுத்த இடத்திலும் தோன்றும். திரும்பப் பழைய இடத்துக்கு வரச் சொன்னால் அது யாரோபோல இருக்கும். கரகரத்த குரல் என் காதில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த டம்ளர் சத்தம் இருந்தது. அதற்கு முந்தைய குரலைத் தேடுகிறேன், தேடுகிறேன், கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளுக்குப் புருஷன் குரல் மறந்துவிட்டது. உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டை ஓடவிட்டதுபோலப் பதிவை ஓடவிட்டுவிட்டார்.

மழை இல்லை, மாங்காய்க்கு விலை இல்லை என்று பதிவில் இவர் பேசிக்கொண்டே போனார். நடுவில், தூரத்தில், கீழேயிருந்து ஒரு பொம்பளை கத்துகிற சத்தம். கோலார் நண்பர் சட்டென்று நிறுத்தினார். பின்னால் போய்த் திரும்பப் போட்டார்.

"அக்கா, இது நீங்க."

நான்தான். சுருதி கெட்டு, கிளி கத்துவதுபோல, நான்.

"உங்க குரல் எனக்கு இப்ப எதிர்லயே கேக்குதே. அத வெச்சுப் பிடிச்சிடலாம். அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ அப்படியே ஒருதரம் கூப்பிடுங்க அக்கா. அதோட இத ஒட்டிப் பார்த்து நகர்த்தறேன். உங்க குரல் சரியானா அண்ணா குரலும் சரியாயிடும்."

முதல் தரம் முனகல்போல வந்தது. "அப்படி இல்ல அக்கா, கோபமா" என்றார். எழுந்து போய், வழக்கமாக நிற்கிற இடத்தில், மாடிப்படிக்குக் கீழே நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். மேலே கதவு திறந்திருந்தது.

"களி ஆறிக் கல்லாப்போவுது! மேல இருக்கறவ சோறு போடுவாளா உங்களுக்கு? கீழ எறங்கி வாங்க!"

எதிர்ச்சாரி ஓட்டல்வரை கேட்டிருக்கும். கோலார் நண்பர் இன்னொரு தரம் கூப்பிடச் சொன்னார். இன்னொரு தரம் கத்தினேன். அவர் தலையைக் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் நான் கத்துவது மெல்ல மெல்லத் தடித்து, கிளி போய், என் குரலாக ஆனது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டார்.

பின்னாலேயே அவர் குரல் வந்தது.

"வந்துட்டன், இரு."